ஏழாவது டோக்கன்

டோக்கனைத் திரும்ப வாங்குவதில் ஆவுடைநாயகியை மிஞ்ச பாளையங்கோட்டை ஈஸ்ட் காப்பகத்தில் ஆள் கிடையாது. மற்றவர்கள் மூன்று முறை முயன்று வாங்குவதை அவள் ஒரே முறையில் வாங்கிவிடுவாள். அதனால் அன்று காலை இருநூறு புள்ளிகளையும் சோதித்து முடித்தபோது அவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

புள்ளிகள் நன்றாகத்தான் வளர்ந்திருந்தன. பிளேட்டின் மேல் வேகவைத்த ஜவ்வரிசி மாதிரி, பால்வெள்ளையாக. ஒவ்வொரு புள்ளியும் லட்சக்கணக்கான ஈஸ்ட். இருநூற்றிலும் புதிதாக வைத்த ஏழாவது மரபணு இருந்தது. இருநூற்றிலும் டோக்கன் போயிருந்தது. கூடவே மூன்றாவதும் நான்காவதும் போயிருந்தன. சிலவற்றில் ஐந்தாவதும்.

டாக்டர் எஸ்தர் ஞானதீபம் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"இது எத்தனாவது முயற்சி, ஆவுடை?"

"நாலு, டாக்டர்."

"விட்டுரு. ஆறு தழும்பு இருக்கிற ஈஸ்ட்டுல ஏழாவது தடவை கத்திரி போட்டா இப்படித்தான் ஆகும். டோக்கனை அந்த ஆள்கிட்டயே விட்டுருவோம்."

"படிவம் பதினொண்ணு கேப்பாங்களே."

"கேக்கட்டும். கையெழுத்துத்தான? அவரு கிட்னிக்கு இன்னும் ரெண்டு வருசம் தாங்காது. எதுக்கு யோசிக்கப்போறாரு?"

ஆவுடைநாயகிக்கும் அப்படித்தான் தோன்றியது. அவள் பிளேட்டுகளை மூடி, அவித்து அழிக்கிற தொட்டியில் போட்டாள். பதினொன்றரை மணிக்குத் தயிர்ச்சோறு சாப்பிட்டாள். பிறகு முத்துமகராசனுக்குப் போன் செய்து, குடும்பத்தோடு வரச்சொன்னாள்.

முத்துமகராசனுக்கு முப்பத்திநாலு வயது. கயத்தாறு பக்கம் காற்றாலைகளில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை. பருப்பும் மீனும் உடைந்து வரும் ஒரு கழிவை அவன் உடம்பால் ஒழிக்க முடியாது. பிறவிக் குறை. ஒன்பது வருடத்துக்கு முன் மூளைக்கு ஏறிப் பாதி மயக்கத்தில் இங்கே தூக்கிவந்தார்கள். அவன் குடலிலிருந்தே ஓர் ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்து, அந்தக் கழிவைத் தின்னும் மரபணுவை அதில் வைத்துத் திரும்பக் குடிக்கக் கொடுத்தாள் ஆவுடைநாயகி. எழுந்து உட்கார்ந்தான். அதன் பிறகு, அந்தக் கழிவு உடைந்து மிஞ்சுவது ஒவ்வொன்றுக்கும் ஒரு மரபணு என்று ஆறு வைத்தாயிற்று. ஏழாவது வைத்தால் சிறுநீரகம் தப்பும்.

மறுநாள் மூவரும் வந்தார்கள். அவன், அவன் மனைவி சந்தனமாரி, ஆறு வயது மகள் நறுமுகை. நறுமுகை வந்ததும் மேசைமேல் இருந்த எண்ணும் கருவியை அழுத்தி விளையாட ஆரம்பித்தாள். டிக், டிக், டிக்.

ஆவுடைநாயகி விஷயத்தைச் சொன்னாள். முத்துமகராசன் தலையாட்டினான். சந்தனமாரி கையை உயர்த்தினாள், பள்ளிக்கூடத்தில் போல.

"அக்கா, ஒம்பது வருசமா டோக்கன் டோக்கன்னு பேசிக்கிடுதிய. எனக்கு இன்னைக்கி வரைக்கும் வெளங்கல. இன்னைக்காவது சொல்லுங்க."

"நான் சொல்லுதேன், இரு" என்றான் முத்துமகராசன். "நெல்லையப்பர் கோயில் வாசல்ல செருப்பு விட்டா தகரத்துண்டு குடுப்பான்லா?"

"ஆமா."

"அந்தத் தகரம்தான். ஈஸ்ட்டுக்குப் புதுசா ஒரு சாமான் குடுக்காவ. கோடி ஈஸ்ட்டுல பத்துதான் வாங்கிக்கிடும். எது வாங்குச்சு, எது வாங்கலன்னு கண்ணால பாத்துத் தெரியாது. அதனால சாமானோட சேத்து ஒரு டோக்கன். டோக்கன் இருக்கவன் உப்பு இல்லாமப் பொழைப்பான். மத்தவன் உப்பு இல்லாட்டாச் செத்துருவான். உப்பு இல்லாத பிளேட்டுல போட்டுப் பட்டினி போட்டா, பொழைச்சவன்லாம் நம்ம ஆளு."

"உப்புன்னா நான் மாசாமாசம் வாங்கிட்டுப் போறேனே, அந்த உப்பா?"

"அதேதான்." அது உண்மையில் உப்பு அல்ல. வெள்ளையாக இருப்பதால் எல்லோரும் அப்படிச் சொன்னார்கள். காப்பகத்துச் சீட்டிலும் 'துணை உப்பு' என்றே இருந்தது.

"சரி. சாமான் குடுத்தாச்சு. டோக்கனை எதுக்குத் திரும்ப வாங்கணும்?"

"அடுத்த சாமானுக்கு டோக்கன் வேணும்லா? மனுச வயித்துக்குன்னு சட்டத்துல விட்டது ஒரே ஒரு டோக்கன்தான். வாங்கி வாங்கித்தான் குடுக்கணும். அதுக்கு இன்னொரு பிளேட்டு. அதுல ஒரு மருந்து ஊத்தியிருப்பாவ. டோக்கன் கையில இருக்கவனுக்கு அது விஷம். கீழ போட்டவனுக்கு ஒண்ணுமில்ல."

"அப்ப டோக்கன் இருக்கவன் பட்டினியில பொழைப்பான், விஷத்துல சாவான்."

"இல்லாதவன் விஷத்துல பொழைப்பான், பட்டினியில சாவான். அவ்வளவுதான் சயின்ஸு."

"நீ பேசாம இங்க வேலைக்கு வந்திரு, தம்பி" என்றாள் ஆவுடைநாயகி. "இவ்வளவு சுருக்கா எங்க டாக்டருக்கே சொல்ல வராது."

"ஏசி ரூம்ல உக்காந்தா எனக்கு மூச்சு முட்டும்க்கா. இருநூறு அடிக்குக் கீழ காத்தே நல்லா இல்ல."

சிரித்தார்கள். பிறகு அவள் தழும்பு விஷயத்துக்கு வந்தாள். டோக்கனை வெட்டி எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் சின்னத் தழும்பு மிஞ்சும். ஆறு முறை எடுத்ததால் ஆறு தழும்பு, அச்சு அசலாக ஒன்றுபோல். கத்திரிக்குப் புதுத் தழும்பு எது, பழசு எது என்று தெரியாது. இரண்டு பழைய தழும்பைப் பிடித்து நடுவில் இருப்பதையெல்லாம் வெட்டிவிடுகிறது. ஏழாவதை வைக்கப்போய் மூன்றாவதும் நான்காவதும் போகிறது.

"அதனால இந்தத் தடவை டோக்கனைத் திரும்ப வாங்கப்போறதில்ல. உன் ஈஸ்ட்டுலயே இருக்கட்டும். அதுல மூணு விஷயம் இருக்கு. ஒண்ணு, இனிமே உனக்கு உப்பு வேண்டாம்."

"நல்லதுதான."

"ரெண்டு, எட்டாவதா எதுவும் வைக்க முடியாது. இதோட முடிஞ்சது."

"ஏழே அதிகம்க்கா. எட்டு எதுக்கு?"

"மூணாவது..." அவள் படிவம் பதினொன்றை அவன் பக்கம் திருப்பினாள். "இதுவரைக்கும் உப்பு நிறுத்தினா மூணு நாள்ல ஈஸ்ட்டு செத்து வயிறு சுத்தமாயிரும். இனிமே அப்படிச் சாகாது. உன்கிட்டருந்து அடுத்தாளுக்குப் போனா அங்கயும் சாகாது. நல்ல உடம்பு உள்ளவங்க வயித்துல அது என்ன பண்ணும்னு யாரும் பாத்ததில்ல. அதனால நீ தனித் தட்டு, தனி டம்ளர் வச்சுக்கிடணும். உன் எச்சில் தட்டுல வேற யாரும் கை வைக்கக் கூடாது. கழுவுறதும் தனியா."

முத்துமகராசன் படிவத்தைப் படித்தான். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் மேலிருந்து படித்தான்.

"எவ்வளவு நாளைக்கு?"

"எப்பவுமேதான், தம்பி."

நறுமுகையின் டிக் டிக் நின்றது. எண் தொள்ளாயிரத்தைத் தாண்டியிருந்தது.

"எனக்கு வேண்டாம்க்கா" என்றான்.

"என்ன வேண்டாம்?"

"ஏழாவது வேண்டாம். ரெண்டு வருசம் இருக்குல்லா. அது போதும்."

"கிறுக்கு மாதிரிப் பேசாதிய, மச்சான்" என்றாள் சந்தனமாரி. அவள் அவனுக்கு மாமன் மகள். கோபத்திலும் மச்சான்தான்.

"எங்க தாத்தாவுக்கு ஊரு டீக்கடையில தேங்காச் சிரட்டையில ஊத்துனான்" என்றான் அவன், ஆவுடைநாயகியைப் பார்த்து. குரல் உயரவில்லை. "கண்ணாடி டம்ளர் மத்தவனுக்கு. எங்கப்பா அதைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாரு. இப்ப என் வீட்டுக்குள்ள நானே ஒரு சிரட்டை வச்சுக்கிடணுமா?"

"அது வேற, இது வேற தம்பி. இது நோய்க்கு."

"தட்டு ஒண்ணுதானக்கா."

ஆவுடைநாயகியின் தாத்தா எந்த டம்ளரில் குடித்தார் என்பதை அவள் ஒருநாளும் யோசிக்க வேண்டியிருந்ததில்லை. அது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இலை போட்டுச் சாப்ட்டா?" என்றாள் சந்தனமாரி மெதுவாக.

"இலையில பாப்பா கை வைக்கலாமா?" என்றான் அவன். "அவ என் தட்டுலருந்து எடுக்காம ஒரு வாய் தின்னிருக்காளா? கேளு அவகிட்ட."

"அப்பா தட்டுலதான் ருசி" என்றாள் நறுமுகை.

அவன் எழுந்துகொண்டான். சந்தனமாரி உட்கார்ந்திருந்தாள். அவன் சொன்னது முடிவல்ல என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. "என்னையும் பாப்பாவையும் டெஸ்ட் எடுக்கணும்னு இதுல போட்டிருக்கே. எடுங்க. அவுக கையெழுத்தை நான் வாங்கித் தாரேன்" என்றாள்.

உடன் வசிப்போரின் வயிறு சுத்தமாக இருக்கிறது என்று முதலில் காட்ட வேண்டும். அது வெறும் சடங்கு. உப்பு எடுக்காதவர் வயிற்றில் இந்த ஈஸ்ட் மூன்று நாளுக்கு மேல் நிற்காது. ஆவுடைநாயகி இரண்டு மாதிரிகளை வாங்கி, உப்புப் பிளேட்டில் தடவி, பெயர் எழுதி வைத்தாள்.

இரண்டிலும் வளர்ந்தது.

முதலில் தன் கை சுத்தமாக இல்லை என்று நினைத்தாள். மறுபடி தடவினாள். மறுபடி வளர்ந்தது. தழும்புகளைப் பார்த்தாள். முத்துமகராசனின் ஈஸ்ட்தான், ஆனால் இப்போது அவனிடம் இருப்பது அல்ல. சந்தனமாரியிடம் இருந்ததில் ஒரே ஒரு தழும்பு. நறுமுகையிடம் இருந்ததில் மூன்று.

அவள் பழைய பதிவேட்டை எடுத்தாள். ஒரு தழும்போடு அவன் இருந்த வருடத்தில் ஆனி மாதம் திருமணம். அவளுக்கும் பத்திரிகை வைத்திருந்தான். மூன்று தழும்போடு இருந்த வருடத்தில் நறுமுகைக்கு முதல் சோறு ஊட்டியிருப்பார்கள். ஒரு வயிற்றில் ஓர் ஈஸ்ட் உட்கார்ந்துவிட்டால் அதே இனத்தில் அடுத்ததை உட்காரவிடாது. பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்ட மாதிரி. முதலில் போட்டவனுக்குத்தான் சீட்டு.

சந்தனமாரியை மட்டும் மகளோடு வரச்சொன்னாள்.

"உப்பை அவருக்கு எப்படிக் குடுக்க?"

"மோர்ல போட்டுத்தான்."

"அவரு டம்ளர்லயா?"

"டம்ளர்ல போட்டா அடியில நிக்கும்க்கா. காலைல மோர் கரைக்கும்போது பானையிலயே போட்டுருவேன்."

"பானை மோரை யாரு குடிப்பா?"

சந்தனமாரி அவளை விநோதமாகப் பார்த்தாள். "எல்லாரும்தான்."

"புதுசு குடுக்க முன்னால மூணு நாள் உப்பை நிறுத்தச் சொல்லுவோமே? பழசு சாகணும்னு?"

"மச்சான் நிறுத்திருவாவ. மோர்ப் பக்கமே வரமாட்டாவ. நானும் பாப்பாவும் குடிச்சிருவோம். வெலைக்குப் பால் வாங்கி உறையூத்தி, மோரைக் கீழயா கொட்ட?"

"அப்பவும் உப்புப் போடுவியா?"

"கைப்பழக்கம்க்கா. அது போட்டாத்தான் பாப்பாவுக்கு மோர் இறங்கும்." அவள் முகம் மாறியது. "தப்பா?"

ஒன்பது வருடமாக ஒவ்வொரு மாதமும் ஆவுடைநாயகி அச்சடித்த கேள்வியைக் கேட்டு, 'ஆம்' என்று குறித்திருக்கிறாள்: நோயாளி உப்பைத் தவறாமல் எடுக்கிறாரா? வேறு யார் எடுக்கிறார்கள் என்று கேட்க அந்தத் தாளில் கட்டம் இல்லை. கட்டம் போட்டவர்கள் ஒருவேளை தனித்தனிப் பாட்டிலில் மோர் குடிக்கிறவர்களாக இருந்திருப்பார்கள்.

டாக்டர் எஸ்தரிடம் போனபோது அவள் கிட்டத்தட்ட ஓடினாள்.

"டாக்டர், தனித் தட்டே வேண்டாம். ரெண்டு பேர் வயித்துலயும் ஏற்கெனவே ஆள் உக்காந்திருக்கு. இவரோட புதுசு அங்க போய் ஒட்டாது. ஒன்பது வருசமா சந்தனமாரிக்கு ஒரு தலைவலிகூட இல்ல. நல்ல உடம்புல என்ன பண்ணும்னு கேட்டோம்லா? ஒண்ணும் பண்ணல."

டாக்டர் எஸ்தர் தாளைக் கீழே வைத்தார். "ஆவுடை, நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா இதுக்குப் பேரு கசிவு. காப்பக ஈஸ்ட் வெளியாள் வயித்துல இருக்கு, அதுவும் ஒரு குழந்தை வயித்துல. விதி என்ன? உப்பை நிறுத்து, மூணு நாள்ல சுத்தம் பண்ணு, அறிக்கை அனுப்பு. முதல்ல அதைச் செய். மத்ததைக் காப்பகக் குழுகிட்ட பேசிக்கலாம்."

"சுத்தம் பண்ணிட்டா சீட்டு காலியாயிரும். மறுபடி தனித் தட்டுதான்."

"நான் என்ன பண்ணட்டும்? பாப்பாவுக்கு நாளைக்கு ஏதாவது ஆனா நீ பதில் சொல்லுவியா?"

அந்தக் கேள்விக்கு அவளால் ஆமென்று சொல்ல முடியவில்லை. சந்தனமாரிக்குப் போன் செய்தாள். நீயும் பாப்பாவும் உப்பு மோர் குடிக்க வேண்டாம், அவருக்குத் தனியாகக் கரைத்துக் கொடு, மூன்று நாள்தான் என்றாள். சரிக்கா என்றாள் சந்தனமாரி. விதிப்படி, சுத்தம் செய்யுமுன் எவ்வளவு இருந்தது என்ற எண்ணிக்கையும் வேண்டும். மூவரின் மாதிரியையும் ஒரே அளவு நீர்த்து மூன்று பிளேட்டில் ஊற்றி, வெதுவெதுப்புப் பெட்டியில் வைத்தாள். அது எண்ணுகிற அளவுக்கு வளர இரண்டு நாள் ஆகும்.

இரண்டாம் நாள் மதியம் பெட்டியைத் திறந்தாள்.

சந்தனமாரி பிளேட்டில் பதினோரு புள்ளிகள். ஏழை வீட்டில் ஒண்டிக்கிடப்பது போல ஓரமாக. முத்துமகராசன் பிளேட்டில் முந்நூற்று நாற்பது. அது எதிர்பார்த்ததுதான். அந்தக் கழிவைத் தின்று வளர்கிற ஈஸ்ட், கழிவு நிறைய உள்ள வயிறு.

நறுமுகை பிளேட்டில் முந்நூற்றுப் பன்னிரண்டு.

பெயர் மாறிவிட்டதோ என்று பிளேட்டின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். அவள் கையெழுத்துதான். தழும்பு மூன்றுதான். தீனி இல்லாத இடத்தில் இத்தனை வளராது. தீனி இருக்கிறதென்றால் அந்தக் குழந்தையின் உடம்பு அந்தக் கழிவை ஒழிக்கவில்லை. தகப்பனுக்கு இருப்பது மகளுக்கும் இருக்கிறது. சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் செய்த வீடு. நறுமுகைக்கு இரண்டு வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்துக் கழிவின் அளவு சரியாக இருக்கிறது, நோய் இல்லை என்று இதே காப்பகத்தில் எழுதிக்கொடுத்தார்கள். அளவு சரியாக இருக்கக் காரணம் பானை மோர்.

அதைத்தான் அவள் முந்தாநாள் நிறுத்தச் சொல்லியிருந்தாள்.

போன் இரண்டு முறை அடித்து எடுக்கப்பட்டது.

"மாரி, பாப்பா என்ன செய்யுதா?"

"தூங்குதாக்கா. நேத்து ராத்திரி பருப்புச்சோறு தின்னா. காலைல ரெண்டு தடவை வாந்தி எடுத்தா. சூடு இல்ல. எழுப்புனா முழிக்கா, திரும்பவும் சொருவுது. ஆசுபத்திரிக்குப் போலாமான்னு..."

"உப்பு மோர் இருக்கா?"

"மச்சானுக்கு வச்சது இருக்கு."

"அதை எடுத்துக் குடு. எழுப்பி உக்கார வச்சுக் கொஞ்சங்கொஞ்சமாக் குடு. பருப்பு, முட்டை, மீன் எதுவும் வேண்டாம். நான் வண்டியோட வாரேன்."

"என்னக்கா ஆச்சு?"

"வந்து சொல்லுதேன். முதல்ல குடு."

காப்பகத்து வண்டியில் டாக்டர் எஸ்தரும் ஏறிக்கொண்டார். கயத்தாறுப் பாலத்தைத் தாண்டும்போது, "அந்த ரெண்டு வயசு ரிப்போர்ட்ல என் கையெழுத்து இருக்கு" என்றார். ஆவுடைநாயகி ஜன்னல் பக்கம் பார்த்தாள். காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. இவற்றில் ஏதோ ஒன்றின் உச்சியில் முத்துமகராசன் இருப்பான். அவனுக்கு இன்னும் தெரியாது.

நறுமுகை தாயின் மடியில் பாதி விழித்திருந்தாள். வாயைச் சுற்றி மோர். டாக்டர் எஸ்தர் கையில் ஊசி ஏற்றியபோது, "வலிக்கி" என்றாள். அந்தச் சொல் தெளிவாக இருந்தது. ஆவுடைநாயகி அவள் வாயைத் துடைத்துவிட்டாள்.

இரண்டு நாளில் குழந்தை படுக்கையில் குதிக்க ஆரம்பித்தாள். மரபணுச் சோதனை வந்தது. சந்தேகமே இல்லை. அவள் வயிற்றில் செத்தது போக மிச்சம் இருந்தவை, உப்பு கிடைத்ததும் பழையபடி நிரம்பிவிட்டன.

காப்பகத்துப் படுக்கை அறையில் வைத்து ஆவுடைநாயகி அவர்களிடம் எல்லாவற்றையும் சொன்னாள். உப்பை நிறுத்தச் சொன்னது தான்தான் என்பதையும் சொன்னாள். முத்துமகராசன் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"எப்ப இருந்துக்கா அவளுக்கு?"

"பொறந்ததுல இருந்து."

"ஒரு நாளும் ஒண்ணும் ஆகலயே."

"உன் தட்டுல தின்னா. உங்க வீட்டு மோரைக் குடிச்சா. அதான் ஆகல."

சந்தனமாரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தார்கள். பார்த்தால் சிரிப்பும் கலந்திருந்தது. "ஆறு வருசமா எங்கம்மா ஏசுனா, மச்சான். எச்சித் தட்டுல பிள்ளையத் திங்கவிடுதியே, வெக்கமில்லையான்னு."

"உங்கம்மாவுக்கு இப்பப் போன் போடு" என்றான் அவன். "நான் பேசணும்."

பிறகு அவன் படிவம் பதினொன்றை வாங்கினான். அதில் தனித் தட்டு விதிக்குக் கீழே டாக்டர் எஸ்தர் தன் பச்சை மையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: மகள் நறுமுகை நீங்கலாக. அவள் வயிற்றில் இருக்கிற மூன்று தழும்பு ஈஸ்ட் இனி அவள் பெயரில் பதிவாகும். அவளுக்கும் காப்பகத்தில் ஓர் எண், ஒரு பெட்டி. இன்னும் மூன்று முறை டோக்கனைக் கொடுத்து வாங்கலாம். ஏழாவது வரும்போது அவளுக்கு எத்தனை வயதாகியிருக்குமோ, அதற்குள் யாராவது தழும்பு விழாத கத்திரி கண்டுபிடித்திருப்பார்கள். ஆவுடைநாயகி அதை ஒரு பேச்சுக்குச் சொல்லவில்லை. கண்டுபிடிக்கிற ஆள் தானாக இருந்தால் என்ன என்று அவளுக்கு முதல் முறையாகத் தோன்றியது.

"நீங்க மட்டும்தான் பாக்கி" என்றார் டாக்டர் எஸ்தர், சந்தனமாரியிடம். "பாப்பாவுக்கு நோய் இருக்கு, அதனால ஈஸ்ட் இருக்கலாம். உங்களுக்கு நோய் இல்ல. உங்ககிட்ட இருக்கிறது ஒரே ஒரு தழும்பு உள்ள பழசு. உங்களுக்கு அதால எந்தப் பிரயோசனமும் இல்ல. மூணு நாள் உப்பை நிறுத்தினாப் போயிரும். விதிப்படி எடுத்துடணும்."

"அதை எடுத்துட்டா?"

"நீங்க சுத்தம்."

"நான் மச்சான் தட்டுல கை வைக்கலாமா?"

டாக்டர் எஸ்தர் ஆவுடைநாயகியைப் பார்த்தார்.

"வைக்கக் கூடாது" என்றாள் ஆவுடைநாயகி. "சீட்டு காலியாயிருமே. அவரோட புதுசு வந்து உக்காந்துக்கும்."

"அப்ப எடுக்காதிய."

"யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர். "இது சும்மா இருக்கிற ஈஸ்ட் இல்ல. நாளைக்கு உங்களுக்கே வேற ஏதாவது நோய்க்கு இந்த மாதிரி மருந்து தேவைப்படலாம். அப்ப இதை எடுக்க வேண்டியிருக்கும்."

"அப்பப் பாத்துக்கிடலாம். அது கலியாணத்தப்ப வந்தது, டாக்டர். ஒம்பது வருசம் ஒரு தொந்தரவு குடுக்கல. இந்த மனுசனைவிட அது எவ்வளவோ தேவல. இருந்துட்டுப் போவட்டும்."

"மருந்துக்குக்கூட ஒரு மரியாதை கிடையாது எனக்கு" என்றான் முத்துமகராசன். ஆனால் அவன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

உணவகத்திலிருந்து மதியச் சாப்பாடு வந்தது. மூன்று தட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். அளந்து கொடுத்த சோறு, பூசணிக்காய்க் கூட்டு, ஒரு அப்பளம். நறுமுகை தன் தட்டை அப்படியே விட்டுவிட்டு அப்பாவின் அப்பளத்தை ஒடித்தாள்.

ஆவுடைநாயகி அறைக்கு வெளியே மேசையில் உட்கார்ந்து சந்தனமாரிக்கான தாளை நிரப்பினாள். இப்படி ஒரு தாள் காப்பகத்தில் இதுவரை கிடையாது. நோயாளி படிவத்திலேயே 'நோயாளி' என்பதை அடித்துவிட்டு 'வைத்திருப்பவர்' என்று எழுதினாள். ஈஸ்ட்டின் வயது, ஒன்பது. தழும்பு, ஒன்று. மரபணு, ஒன்று. டோக்கன், இல்லை. உப்பு, தொடர்ந்து. நோய், இல்லை. அடுத்த கட்டம், 'வைத்திருக்க வேண்டிய காரணம்'. அங்கே பேனா கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டு, டாக்டர் எஸ்தரிடம் நீட்டினாள்.

சேர்ந்து சாப்பிட.

"இது மருத்துவக் காரணமா, ஆவுடை?"

"எழுதியாச்சு, டாக்டர்."

டாக்டர் எஸ்தர் பச்சை மைப் பேனாவைத் தேடினார். அது சட்டைப் பையிலேயே இருந்தது. கையெழுத்துப் போட்டார்.